இடது கை – கடிதம்

அன்புள்ள ஐயா,

டெக்சாஸில் கல்லூரி அணியில் ஓராண்டாக பெயிண்ட்பால் ஆடுகிறேன்; சாயப்பந்துகளால் எதிரணியினரைச் சுட்டு வெளியேற்றும் ஆட்டம். வலது கைக்காரன். பங்கரின், அதாவது ஒளிந்துகொள்ளும் தடுப்பின், வலப்பக்கத்திலிருந்து சுடும்போது தப்பிவிடுகிறேன். இடப்பக்கம் எட்டினால் தோளிலோ, துப்பாக்கி மேலிருக்கும் பந்துக் கலமான ஹாப்பரிலோ பந்து உடைந்து வெளியேறுகிறேன். மார்க்கரை, அதாவது காற்றழுத்தத்தால் சுடும் அந்தத் துப்பாக்கியை, இடது கைக்கு மாற்றச் சொல்கிறார்கள். மாற்றினால் குறி சிதறுகிறது. பழைய பிடியிலேயே தேற வழி உண்டா?

ச.

அன்புள்ள ச.,

இல்லை. மாற்றித்தான் ஆகவேண்டும்.

பந்தும் காற்றும் இல்லாத மார்க்கரை வலக்கையில் பிடித்து, கதவு நிலைக்குப் பின்னால் நின்று இடப்பக்கமாக எட்டுங்கள். எதிரே ஒரு கண்ணாடி இருக்கட்டும். குழல் வெளியே வருவதற்குள் இடது முழங்கையும் தோளும் பாதி மார்பும் வந்துவிட்டிருக்கும். கை மாற்றிச் செய்தால் குழலும் முகக்கவசத்தின் ஓரமும் மட்டுமே தெரியும். எதிராளிக்கு நீங்கள் தரும் இலக்கு அவ்வளவு சுருங்குகிறது. குறி சிதறுவது பழக்கமின்மையால்தான். எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. பயிற்சி நாட்களில் வலக்கையைத் தொடவே மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தேன்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. பந்தின் வேக வரம்பு பொதுவாக நொடிக்கு 300 அடி. நூறடி தள்ளி நிற்பவர் உங்களைக் கண்டபின் சுட்டால், பந்து வந்துசேர மூன்றில் ஒரு நொடிக்கு மேல் ஆகும். காற்று அதை இன்னும் தாமதப்படுத்தும். ஸ்னாப் ஷூட்டிங் நிற்பதே இந்த இடைவெளியில்தான்: மார்க்கரை மறைவுக்குள்ளேயே குறிக்கு நேராக நிறுத்திவிட்டு, வெளியே வந்து இரண்டு மூன்று பந்துகள், உடனே உள்ளே. ஆனால் அடுத்த முறையும் அதே உயரத்தில் தலை நீட்டினால், அவர் பந்து உங்களுக்கு முன்பே அங்கே வந்திருக்கும். ஒருமுறை நின்று, ஒருமுறை முழங்காலிட்டு, ஒருமுறை மறுபக்கமாக வாருங்கள்.

பங்கரை அணைத்துக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதறுகிறது. ஒட்டி நின்றால் குழலைத் திருப்பவே இடமிருக்காது. ஓரடி பின்வாங்கினால் திரும்பவும் பார்க்கவும் முடியும். பக்கவாட்டில் எதிராளி முன்னேறிவிட்டார் என்று சகவீரர் குரல் கொடுத்தால் மட்டும் ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஹாப்பரில் பட்டாலும் ஆட்டம் போய்விடும் என்பதால், சுடும்போது மார்க்கரைச் சற்றே பங்கர் பக்கம் சாய்த்துப் பிடியுங்கள். அடுத்த ஞாயிறு இடது கையால் மட்டும் ஆடிப்பார்த்து எழுதுங்கள். காத்திருக்கிறேன்.