அம்மாவின் சர்க்கரை நோய்க்குக் காணொளி ஆலோசனை போதுமா?

கேள்வி: தேனி மாவட்டக் கிராமமொன்றில் தனியாக வசிக்கும் என் தாயாருக்கு வயது 67. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் உள்ளன. மாதந்தோறும் மதுரைக்கு அழைத்துச் செல்ல வாடகைக் காருக்கு 3,500 ரூபாயும், மருத்துவருக்கு 600 ரூபாயும் ஆகின்றன. ஆண்டுச் சந்தா கட்டினால் எத்தனை முறை வேண்டுமானாலும் மருத்துவரிடம் காணொளியில் பேசலாம் என்று ஒரு செயலி சொல்கிறது. பயணத்தை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம், குறைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில் சென்று, இடைப்பட்ட மாதங்களில் அதே மதுரை மருத்துவரிடம் காணொளியில் பேசுவதே உங்கள் தாயாருக்குப் பொருத்தமானது. சந்தா தேவையில்லை என்பது என் கருத்து.

தொலைமருத்துவம் பயன்தருமா என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. மறுமுனையில் யார் இருக்கிறார், என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தே பயன் அமைகிறது. இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் நடந்த இரண்டு ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. அமெரிக்காவில் 1,653 பேரிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவினர் நாள்தோறும் தானியங்கித் தொலைபேசியை அழைத்து உடல் எடையையும் அறிகுறிகளையும் பதிவுசெய்ய வேண்டியிருந்தது. ஆறு மாத முடிவில் மரணமும் குறையவில்லை, மருத்துவமனையில் மீண்டும் சேர்வதும் குறையவில்லை. ஏழில் ஒருவர் அந்த வசதியை ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை. ஜெர்மனியில் 1,571 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்விலோ, எடை, இரத்த அழுத்தம், இசிஜி ஆகியவை நாள்தோறும் பெர்லின் சாரிட்டே மருத்துவமனையின் மையத்துக்குச் செல்ல, அங்கே இருபத்து நான்கு மணி நேரமும் மருத்துவர்களும் செவிலியர்களும் அவற்றைப் பார்த்து உடனுக்குடன் மருந்தை மாற்றினார்கள். அங்கு ஆண்டுக்கு நூறு பேரில் 11.3 ஆக இருந்த மரண விகிதம் 7.9 ஆகக் குறைந்தது. சர்க்கரை நோயைப் பொறுத்தவரை, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2015இல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, தொலைமருத்துவம் எச்பிஏ1சி அளவை (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) வழக்கமான சிகிச்சையைவிட ஏறத்தாழ 0.3 விழுக்காட்டுப் புள்ளி கூடுதலாகக் குறைக்கிறது. சிறிய பயன்தான், ஆனால் உண்மையானது.

செயலிச் சந்தாவில் ஒவ்வொரு முறையும் வேறொரு மருத்துவர் வரக்கூடும். உங்கள் தாயாரின் பழைய சீட்டு, சிறுநீரக அளவுகள், எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்பது எதுவும் அவருக்குத் தெரியாது. சட்டமும் இங்கே ஒரு கோடு போடுகிறது. 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளின்படி, நேரில் பார்த்த அதே மருத்துவர் ஆறு மாதத்துக்குள், அதே நோய்க்குப் பேசினால்தான் அது தொடர் ஆலோசனையாகும். அப்போதுதான் ஏற்கெனவே தரும் மருந்துகளோடு புதிதாக ஒன்றைச் சேர்க்கவும் அவருக்கு இடமுண்டு.

காணொளியில் பார்க்க முடியாதவற்றுள் முதலாவது கால். காணொளியிலேயே ஓராண்டு ஓட்டிய என் நோயாளி ஒருவர், ஒவ்வொரு முறையும் "காலில் ஒன்றுமில்லை டாக்டர்" என்றே சொல்லிவந்தார். நேரில் வந்தபோது சுண்டுவிரலை விலக்கிப் பார்த்தேன். இடுக்கில் சீழ் கட்டியிருந்தது. உணர்ச்சி மரத்துப்போனதால் அவருக்கு வலியே தெரியவில்லை. அவர் பொய் சொல்லவில்லை, நான்தான் பார்க்கவில்லை. அது இன்றுவரை என் மனத்தை உறுத்துகிறது. நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுச் செய்யும் உணர்ச்சிச் சோதனைக்குக் கைப்பேசி உதவாது. ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரைப் பரிசோதனையும் கட்டாயம்.

செலவைப் பார்ப்போம். தொலைமருத்துவம் எப்போதும் மலிவு என்பது தவறு. இங்கிலாந்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த பெரிய ஆய்வில், கிடைத்த பயனுக்குச் செலவு மிக அதிகம் என்றே முடிவாயிற்று. கலிபோர்னியாவில் சளி, இருமல் போன்றவற்றுக்காகச் செய்யப்பட்ட தொலை ஆலோசனைகளில் 88 விழுக்காடு, அந்த வசதி இல்லாவிட்டால் நிகழ்ந்தே இருக்காதவை என்று 2017இல் தெரியவந்தது. அதாவது, செலவு கூடியது. உங்கள் வீட்டுக் கணக்கு வேறு, ஏனெனில் உங்கள் செலவில் பெரும்பகுதி கார் வாடகை. இப்போது ஆண்டுக்கு 49,200 ரூபாய் ஆகிறது. நான்கு பயணங்களும் எட்டுக் காணொளி ஆலோசனைகளும், அதே 600 ரூபாய்க் கட்டணம் என்று வைத்துக்கொண்டாலும், 21,200 ரூபாய். இரத்த அழுத்தக் கருவி, குளுக்கோமீட்டர் பட்டைகள் ஆகியவற்றுக்கு 6,000 ரூபாய் ஒதுக்கினாலும் 27,200 ரூபாயில் முடியும். இடையில் வரும் சிறு தொல்லைகளுக்கு அரசின் இ-சஞ்சீவனி என்ற தொலை ஆலோசனைச் சேவை இலவசமாகவே இருக்கிறது. அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர் ஊருக்கு வருகிறாரா என்பதையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

தொலைமருத்துவத்தின் எதிர்காலம் செயலிகளிடம் இல்லை, நோயாளியின் அருகில் நின்று அளவெடுக்கும் பயிற்சி பெற்ற ஒருவரிடம்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். இதற்கு உங்கள் மாவட்டமே சான்று. அரவிந்த் கண் மருத்துவமனையின் கிராமப்புறப் பார்வை மையங்களில் பயிற்சி பெற்ற பெண்கள் கண்ணைப் பரிசோதித்துப் படமெடுக்க, தொலைவிலிருக்கும் மருத்துவர் அதைப் பார்த்து அங்கேயே நோயாளியிடம் பேசுகிறார். செயற்கை நுண்ணறிவு மருத்துவருக்குத் துணை செய்யலாம். நோயாளிக்குத் தானே மருந்து எழுத நம் வழிகாட்டு நெறிகள் அதை அனுமதிக்கவில்லை.

காணொளிக்கு முந்தைய ஏழு நாளும், காலையில் மாத்திரைக்கு முன்பும் மாலையிலும், ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை மேசைமேல் வைத்து, இரண்டு முறை இரத்த அழுத்தம் பார்த்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். மருத்துவருக்கு அந்தப் பக்கத்தை முன்னதாகவே படமெடுத்து அனுப்பிவிடுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் ஆகியவற்றில் எது வந்தாலும் காணொளிக்குக் காத்திருக்காமல் 108ஐ அழைக்க வேண்டும் என்பதை அந்த நோட்டின் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள்.