குடோனுக்கு நெட்டும் நடுவே நிற்கும் வாழையும்

கேள்வி: களக்காட்டில் வாழைத்தார் மண்டி நடத்துகிறேன். பஜார் கடையில் ஃபைபர் இன்டர்நெட் இருக்கிறது. 1.2 கிலோமீட்டர் தள்ளி, வயலுக்கு நடுவே உள்ள குடோனுக்கு லைன் இழுக்க முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள். அங்கே எட்டு கேமரா, ஒரு பில்லிங் கம்ப்யூட்டர். கேமரா மாட்டும் தம்பி வயர்லெஸ் பிரிட்ஜ் (இரண்டு முனையிலும் ஒவ்வொரு பெட்டி வைத்து, கம்பி இல்லாமல் ரேடியோ அலையில் நெட்டை அனுப்புவது) போடலாம் என்கிறார். 300 எம்பிபிஎஸ் ஜோடி ஒன்று, 867 எம்பிபிஎஸ் ஜோடி ஒன்று காட்டினார். இரண்டாவது விலை கூடுதல். எதை வாங்க?
– ஒரு வாசகர், களக்காடு

பதில்: அண்ணாச்சி, பெட்டியை அப்படியே வைத்துவிட்டு முதலில் கடை மொட்டைமாடிக்கு ஏறுங்கள். குடோன் கூரை தெரிகிறதா? தெரியவில்லை என்றால் எந்த ஜோடியும் வேண்டாம். தெரிந்தாலும் அதோடு முடியவில்லை. ரேடியோ அலை நூல் பிடித்தாற்போல் போகாது. நம்ம ஏத்தங்காயை நிமிர்த்தி வைத்த மாதிரி, இரண்டு நுனியும் ஒடுங்கி நடுவில் வயிறு பெருத்துப் போகும். அந்த வயிற்றுக்கு ஃப்ரெனல் மண்டலம் என்று பெயர். 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், உங்கள் தூரத்துக்கு, நட்டநடுவில் அதன் ஆரம் 4 மீட்டர். அதில் 60 சதவீதமாவது காலியாக இருக்க வேண்டும். அதாவது நேர்கோட்டுக்குக் கீழே 2.4 மீட்டருக்குள் ஒன்றும் தலைநீட்டக் கூடாது.

நான் பட்டது இதில்தான். ஏர்வாடிப் பக்கம் ஒரு அரிசி ஆலைக்கு மாட்டினேன். நடுவே வாழைத்தோட்டம், கன்று அப்போது முழங்கால் உயரம். சிக்னல் மைனஸ் 54 டிபிஎம் (இந்த எண் பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்க சிக்னல் பலம்). பிரமாதம் என்று காசை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஏழெட்டு மாதம் கழித்து போன்: “அண்ணே, காலையில நல்லா ஓடுது. காத்து அடிச்சா கேமரா நின்னு போகுது.” போய்ப் பார்த்தால் வாழை ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு நிற்கிறது, சிக்னல் மைனஸ் 76. இலையெல்லாம் தண்ணீர்தானே, அலையைக் குடித்துவிடும். காற்றில் அசைய அசைய சிக்னல் ஏறி இறங்கும். இரண்டு பக்கமும் பத்தடி ஜிஐ பைப் ஏற்றி, மூன்று பக்கம் ஸ்டே கம்பி கட்டித்தான் தப்பித்தேன். பைப் காசு என் கையிலிருந்து. அதனால், வாழை குலை தள்ளும்போது எவ்வளவு உயரம் நிற்கும் என்று கணக்குப் போட்டுவிட்டு பைப் வாங்குங்கள். இன்றைய உயரத்தைப் பார்க்காதீர்கள்.

இனி பெட்டிக்கு வருவோம். மேலே போட்டிருக்கும் எண் காற்றில் ஓடும் வேகம். ஒருவழிப் பாலம் மாதிரி, இந்தப் பக்கத்து வண்டி போன பிறகுதான் அந்தப் பக்கத்து வண்டி வரும். ஆகவே கைக்கு வருவது ஏறக்குறைய பாதி. 300 என்று விற்கும் பல பெட்டிகளில் கேபிள் சொருகும் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான்! ஆனால் உங்களுக்கு அதுவே போதும். கேமராவுக்கு 4 எம்பிபிஎஸ் என்று தாராளமாக வைத்தாலும் எட்டுக்கு 32. பில்லிங்குக்கு அதில் சொச்சம். விலை குறைந்த ஜோடியை வாங்கி, மிச்சக் காசைப் பைப்புக்கும் எர்த்துக்கும் போடுங்கள். நாளைக்கு முப்பது கேமரா ஆகும் என்றால் மட்டும் பெரியது, அதுவும் கிகாபிட் போர்ட் உள்ளதாக. 2.4 கிகாஹெர்ட்ஸ் பெட்டி வேண்டவே வேண்டாம். பஜாரில் கடைக்குக் கடை வைஃபை, சந்தை இரைச்சல்தான். லைசென்ஸ் பயமும் வேண்டாம். 2018 அக்டோபரிலேயே 5 கிகாஹெர்ட்ஸில் பெரும்பகுதிக்கு மத்திய அரசு விலக்கு கொடுத்துவிட்டது. பவருக்கு மட்டும் வரம்பு உண்டு. செட்டிங்கில் நாடு ‘இந்தியா’ என்று இருக்கட்டும்.

கரண்டும் டேட்டாவும் ஒரே கேபிளில் மேலே போகும். அந்தக் கேபிளில்தான் ஏமாற்றுவார்கள். உள்கம்பியைக் கத்தியால் லேசாகச் சுரண்டுங்கள். வெள்ளையாக மினுங்கினால் அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஐப்பசி மாத இடிக்கு முன்னாலேயே, மின்னல் பாய்ச்சலைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டரும் எர்த்தும் போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் மாடிப் பெட்டியோடு நிற்காது, கேபிள் வழியே இறங்கி கேமரா ரெக்கார்டரையும் கொண்டுபோய்விடும். இரண்டு முனைக்கும் யுபிஎஸ் வேண்டும். ஒரு முனைக்கு மட்டும் வைத்துவிட்டு “கரண்ட் போனா நெட்டும் போகுதே” என்று என்னைத் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: எங்கள் பிரிட்ஜ் டிஷ் ஆனி, ஆடிக் காற்றில் திரும்பிவிடுகிறது. என்ன செய்ய?
– ஒரு வாசகி, பணகுடி

பதில்: ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று, அம்மா. காற்றாலையையே சுற்றுகிறது, உங்கள் டிஷ்ஷை விடுமா? மூடிய தட்டுக்குப் பதில் கம்பிவலை டிஷ் போடுங்கள்; காற்று ஊடே போய்விடும். ஒரு கிளாம்ப் போதாது, இரண்டு போடுங்கள். சிக்னல் சரியாக வந்ததும் கிளாம்ப்பையும் பைப்பையும் சேர்த்து பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அடுத்த முறை நெட் போனால் மேலே ஏறி அந்தக் கோடு விலகியிருக்கிறதா என்று பாருங்கள். விலகியிருந்தால் பழைய இடத்துக்குத் திருப்பி முறுக்கிவிட்டால் போதும், ஆள் கூப்பிட வேண்டாம்.