பச்சை குத்தும் மகனுக்காகக் கவலைப்படும் அம்மாவுக்கு

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகன் கோவையில் ஒரு டாட்டூ ஸ்டுடியோவில் எட்டு மாதமாக வேலை பழகுகிறான். மணிக்கட்டின் உட்புறம் தன் அப்பா பெயரைக் குத்திக்கொண்டு போன வாடிக்கையாளர் ஒருவர் பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்து, "எழுத்தெல்லாம் மங்கிப்போச்சு, பணத்தைத் திருப்பிக் கொடு" என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டிருக்கிறார். இவனும் பதிலுக்குப் பேசியிருக்கிறான். நான்கு நாளாக வேலைக்குப் போகாமல் அறையிலேயே கிடக்கிறான். "இந்த வேலையே வேண்டாமென்று நிறுத்தி, பி.காம். சேர்த்துவிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிறுத்த வேண்டாம் அம்மா. ஆனால் அவன் இன்னும் படிக்காத பாடம் ஒன்று இருக்கிறது. வரையவும் குத்தவும் கற்றுக்கொண்டுவிட்டான். மனக்குறையோடு வருகிறவரை எதிரே உட்காரவைத்துப் பேச அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

பன்னிரண்டாம் நாள் என்று எழுதியிருக்கிறீர்களே, என் கண் அங்கேதான் நின்றது. ஊசி மையை மேல்தோலுக்குக் கீழே உள்ள உள்தோலில் வைக்கிறது. மேலே புண் ஆற இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். இரண்டாவது வாரத்தில் தோல் உரியும். புதுத்தோல் பால் படிந்த கண்ணாடி மாதிரி மேலே நிற்பதால் நிறம் மங்கித்தான் தெரியும். பிறகு தெளியும். ஆகவே வேலையில் குறையே இல்லாமலும் இருக்கலாம். ஆனால் இதை அவரிடம் குத்திய அன்றே சொல்லியிருந்தார்களா? சொல்லவில்லை என்றால், கோடு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் தவறு ஸ்டுடியோ பக்கம்தான்.

இன்னொரு சாத்தியமும் உண்டு. எழுத்தைச் சுற்றி நீலம் பாய்ந்த நிழல் மாதிரி இருந்தால், ஊசி ஆழமாகப் போய் மை கசிந்திருக்கிறது. தொழிலில் இதை பிளோ-அவுட் என்பார்கள். மணிக்கட்டின் உட்புறத் தோல் மெல்லியது என்பதால், கை பழகாதவர்களுக்கு அங்கே இது எளிதில் நேரும். காத்திருந்தால் சரியாகாது. இரண்டில் எது என்று தெரியவேண்டுமானால் கையை வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். உங்கள் மகன் பார்ப்பதற்கு முன்பே பேசிவிட்டான். எனக்கு வருத்தம் அதில்தான்.

அடுத்த முறை இப்படி ஒருவர் வந்தால், முதலில் மற்ற வாடிக்கையாளர்கள் இல்லாத இடத்துக்கு அழைத்துப்போய் உட்காரவைக்கட்டும். அவர் சொல்லி முடிக்கட்டும். பிறகு கையைப் பார்த்து, முதல் நாள் எடுத்த படத்தோடு ஒப்பிடட்டும். "வெயில்ல அலைஞ்சீங்களா, சொறிஞ்சீங்களா?" என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டால் குற்றம் சாட்டுவது போலாகிவிடும், "இந்தப் பன்னிரண்டு நாளும் எப்படிப் பார்த்துக்கிட்டீங்க, சொல்லுங்கண்ணா" என்று கேட்டால் அவரே எல்லாம் சொல்லிவிடுவார். ஆறாத தோலில் மறுபடி ஊசி வைத்தால் தழும்பாகும். ஆகவே முழுதாக ஆறியபின், நான்கு முதல் ஆறு வாரம் கழித்து, இலவசமாக டச்சப் (மங்கிய இடத்தில் மறுபடி மை வைத்துத் திருத்துவது) செய்து தருவதாகத் தேதி குறித்துக் கொடுக்கட்டும். சிவப்பு பரவிக்கொண்டே போனாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அங்கே டச்சப் பேச்சுக்கே இடமில்லை. அன்றே தோல் மருத்துவரிடம் அனுப்பவேண்டும். மருந்துக்கடையில் ஏதாவது மாத்திரை வாங்கிக்கொள்ளச் சொல்லவே கூடாது.

தவறு தன்னுடையது என்று தெரிந்தால் "என் கை ஆழமாகப் போயிடுச்சு, மன்னிச்சுக்குங்க" என்று ஒரே வரியில் சொல்லட்டும். பணம் திருப்பித் தருவதை முதலாளி முடிவு செய்யட்டும். வேலை பழகுகிறவன் வாக்குக் கொடுக்கக் கூடாது. கையெழுத்து வாங்கிய படிவம் இருக்கிறதே என்ற தெம்பும் வேண்டாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாட்டுக்காக இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் செய்யலாம். ஸ்டென்சில் (குத்துவதற்கு முன் தோலில் ஒட்டிப் பதிக்கும் மாதிரி வரைபடம்) ஒட்டியபின் ஒரு படம், வேலை முடிந்தபின் ஒரு படம் எப்போதும் இருக்கட்டும்.

நம் பாட்டிமார் கையில் பச்சைக் கோலம் பார்த்திருப்பீர்கள். அதைக் குத்திய குறவர் பெண்கள் திருவிழா முடிந்ததும் அடுத்த ஊர் போய்விடுவார்கள். உங்கள் மகனுக்கோ நிலையான முகவரியும் போன் நம்பரும் இருக்கின்றன. குத்திக்கொண்டவர் திரும்பி வருவார் என்று எண்ணியே ஒவ்வொரு வேலையையும் தொடங்கவேண்டும்.

அதனால்தான் ஊசியை எடுப்பதற்கு முந்தைய அரைமணி நேரம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தமிழ்ப் பெயர்களில் ண, ன குழப்பமும் ல, ள, ழ குழப்பமும் சாதாரணம். சில டிசைன் மென்பொருள்களில் தமிழை ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி, 'கொ' உடைந்து நிற்கும். புள்ளி காணாமல் போகும். கணினி காட்டியதை நம்பாமல், வாடிக்கையாளரையே தாளில் எழுதச் சொல்லி, ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படிக்கவைத்து, கீழே கையெழுத்து வாங்கட்டும். இன்னொன்று: மை தோலுக்குள் ஆண்டுக்கணக்கில் மெல்லப் பரவும். நம் எழுத்துகளில் சுழி அதிகம். ண, இ போன்றவற்றை அரிசி அளவுக்குக் குத்தினால் சில ஆண்டில் சுழிகள் அடைந்து கரும்புள்ளியாகிவிடும். "கொஞ்சம் பெருசா போட்டாத்தான் நிக்கும்" என்று சொல்லவேண்டும். கேட்கவில்லை என்றால் வேலையை மறுக்கவேண்டும். ஸ்டென்சிலை ஒட்டியபின் கண்ணாடி முன் ஐந்து நிமிடம் நிற்கவிடட்டும். பிடிக்கவில்லை என்றால் துடைத்துவிட்டு மறுபடி ஒட்டலாம். அந்தக் கட்டத்தில் திருத்துவது எளிது. பிறகு லேசர்தான், அதுவும் பல தடவை.

இன்னொரு கேள்வியும் அவன் கேட்கவேண்டும்: "போலீஸ், ராணுவம் எதுக்காவது தயார் பண்றீங்களா?" உடல்தகுதித் தேர்வுக்குப் போகும் நேரத்தில் கையில் இருக்கும் டாட்டூவுக்காகப் பதறி என்னிடம் வந்த மாணவர்கள் உண்டு. மத்திய ஆயுதக் காவல் படைகளுக்கான பணியாளர் தேர்வாணைய விதிகளில் டாட்டூ எந்த இடத்தில், என்ன உருவம், எவ்வளவு பெரிது என்பதற்கெல்லாம் வரம்பு இருக்கிறது. அந்த உறுப்பில் கால் பங்குக்கும் குறைவாகவே இருக்கவேண்டும். பதினெட்டு வயது ஆகாதவர் என்றால், வீட்டில் சம்மதம் என்று சொன்னாலும் பச்சை குத்தக் கூடாது.

நீங்கள் ஒருநாள் அந்த ஸ்டுடியோவுக்குப் போய்வாருங்கள். ஊசிக் கார்ட்ரிட்ஜை (ஒருவருக்கு மட்டும் பயன்படுத்தும் ஊசி உறை) வாடிக்கையாளர் கண்ணெதிரே பிரிக்கிறார்களா, புகார் வரும்போது முதலாளி இவன் பக்கத்தில் வந்து நிற்கிறாரா என்று பாருங்கள். இல்லை என்றால் ஸ்டுடியோவை மாற்றலாம், தொழிலை மாற்றவேண்டியதில்லை. மகனுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டாயிற்றா என்றும் கேளுங்கள்.

இன்றைக்கு ஒரே ஒரு காரியம். அந்த வாடிக்கையாளர் நம்பர் ஸ்டுடியோவில் இருக்கும். மகனே கூப்பிட்டு, "அண்ணா, அன்னைக்கு நான் பேசினது தப்பு. ஒருதடவை வாங்க, கையைப் பார்க்கிறேன்" என்று சொல்லட்டும். கை நடுங்கும். நீங்கள் பக்கத்தில் நின்று வார்த்தை எடுத்துக் கொடுக்கவேண்டாம், அடுப்படியிலேயே இருங்கள். பேசி முடித்து அவனாக வருவான்.