குளிரில் எழுதும் கை மரத்துப்போவது ஏன்?

கேள்வி: கனடாவின் வினிபெக் நகரில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிறேன். வயது 61. தினமும் அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து கையாலேயே நாவல் எழுதிவருகிறேன். டிசம்பர் பிறந்ததிலிருந்து அரை மணி நேரத்திலேயே விரல்கள் மரத்து வெளுத்துவிடுகின்றன. ஹீட்டரைக் கூட்டினால் தொண்டை வறண்டு தலை வலிக்கிறது. காலை பத்து மணிக்கெல்லாம் தூக்கம் அழுத்துகிறது. சில நாள் எழுதவே மனம் வருவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தத் தலைவலியைக் கவனித்துவிடுவோம். பேஸ்மென்டில் வீட்டைச் சூடாக்கும் எரிவாயு உலையோ (ஃபர்னஸ்) வாட்டர் ஹீட்டரோ இருந்தால், அது சரியாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வெளியாகலாம். அதற்கு நிறமோ மணமோ கிடையாது. அறையில் இருக்கும்போது வலித்து, வெளியே போனதும் விட்டுவிடும் தலைவலி அதன் முதல் அறிகுறியாக இருக்கக்கூடும். நீங்கள் தூங்கும் இடத்தருகே அதற்கான அலாரம் வேலை செய்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால், வேறு எதை வாங்குவதற்கும் முன் அதை வாங்குங்கள்.

அந்தச் சந்தேகம் நீங்கிய பிறகு, வறட்சிதான் காரணமா என்று பார்க்கலாம். மைனஸ் 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 1 கிராம் நீராவிதான் தங்கும். 20 டிகிரியிலோ சுமார் 17 கிராம் தங்கும். வெளிக்காற்று உள்ளே வந்து சூடாகும்போது அதிலுள்ள ஈரம் கூடுவதில்லை என்பதால், ஹீட்டரைக் கூட்டக் கூட அறைக்காற்று இன்னும் வறண்டதாகிறது. காற்றில் ஈரம் சேர்க்கும் கருவியான ஹியூமிடிஃபையர் ஒன்றை வைத்து ஈரப்பதத்தை 30 சதவீதத்தை ஒட்டி வைத்திருங்கள். ஜன்னல் கண்ணாடியில் நீர் வழியத் தொடங்கினால் குறைத்துவிடுங்கள். பேஸ்மென்டில் பூஞ்சை பிடித்தால் அது வேறொரு தொல்லை.

இனி விரல்கள். அசையாமல் உட்கார்ந்து எழுதும் உடல் குறைந்த வெப்பத்தையே உண்டாக்குகிறது. நெஞ்சும் வயிறும் குளிர்வதை உணர்ந்ததும், உடல் உள்ளுறுப்புகளைக் காப்பதற்காகக் கை, கால்களின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. ஆகவே விரல்களை மட்டும் சூடாக்கிப் பயனில்லை. உடலின் நடுப்பகுதியைச் சூடாக வைத்தால்தான் விரல்களுக்கு இரத்தம் திரும்பும். ஸ்வெட்டருக்குள் ஒரு கம்பளி பனியன், கழுத்துக்கு மஃப்ளர், மணிக்கட்டை மூடி விரல்முனைகளைத் திறந்துவிடும் கையுறை, இவை மூன்றும் ஹீட்டரை இரண்டு டிகிரி கூட்டுவதைவிட அதிகம் உதவும். மணிக்கட்டில் நாடி பார்க்கும் இடத்தில் தமனி தோலுக்கு மிக அருகில் ஓடுவதால் அந்த இடம் திறந்திருக்கக்கூடாது. மேசையையும் தொட்டுப் பாருங்கள். கண்ணாடியோ உலோகமோ என்றால், எழுதும் கையின் சுண்டுவிரல் ஓரம் அதில் அழுந்தி மணிக்கணக்கில் வெப்பத்தை இழந்துகொண்டிருக்கும். தாளுக்கு அடியில் ஒரு கம்பளித் துணியை விரித்தால் போதும். குளிர்ந்த காற்று தரையில்தான் தேங்கும் என்பதால் பாதங்களை ஒரு பலகையின் மேல் வையுங்கள். காலுறையை இரண்டாகப் போடும்போது இறுக்கமாகப் போட்டால் இரத்த ஓட்டம் இன்னும் குறையும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து, தோள்பட்டையிலிருந்து கைகளை வட்டமாக வீசிச் சுழற்றுங்கள். மரத்த விரலுக்குச் சூடு தெரியாது என்பதால், வெந்நீர்ப் பையை நேரடியாக விரல்களில் வைக்காதீர்கள்.

தூக்கமும் மனச்சோர்வும் பெரும்பாலும் வெளிச்சக் குறைவால் வருபவை. உங்கள் ஊரில் டிசம்பர் பிற்பகுதியில் காலை எட்டரையை ஒட்டி விடிந்து, மாலை நாலரையை ஒட்டிச் சூரியன் மறைந்துவிடுகிறது; நீங்கள் எழுதும் நேரத்தின் பெரும்பகுதி இருளிலேயே கழிகிறது. 10,000 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) தரும் விளக்கொன்றைப் பக்கவாட்டில் வைத்து, எழுந்தவுடன் அரை மணி நேரம் முந்தைய நாள் எழுதியதை அதன் ஒளியில் படித்துத் திருத்துங்கள்; விளக்கை உற்றுப் பார்க்க வேண்டியதில்லை. கண் நோயோ இருமுனை மனநோயோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்கக்கூடாது. நண்பகலில் இருபது நிமிடம் வெளியே நடப்பதும் அவசியம். ஆனால் காற்றுக்குளிர், அதாவது காற்று வீசுவதையும் சேர்த்துத் தோல் உணரும் குளிர், மைனஸ் 28-க்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் உறைந்துபோகலாம். அத்தகைய நாள்களில் ஜன்னலோரம் உட்காருங்கள். நாவலை நாளுக்கு ஒரு பக்கமாகக் குறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை, அந்த மாதங்களில் கையெழுத்துப்படி நின்றுவிடாமல் நகர்ந்துகொண்டிருப்பதையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

விரல்கள் வெளுப்பதாக எழுதியிருப்பதால் குடும்ப மருத்துவரைக் கட்டாயம் பாருங்கள். வெள்ளை, நீலம், பிறகு சிவப்பு என்று நிறம் மாறினால் அது, குளிரில் விரல்களின் இரத்தக் குழாய்கள் அளவுக்கு மீறிச் சுருங்கும் ரேனோ என்னும் நிலையாக இருக்கலாம். உங்கள் வயதில் புதிதாகத் தொடங்கினால் அதன் பின்னால் வேறு நோய் உண்டா என்று சோதிக்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுகிறீர்களானால் அதையும் சொல்லுங்கள், ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். அடுத்த முறை நிறம் மாறும்போது கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். மருத்துவரின் அறைக்குள் நுழைவதற்குள் விரல்கள் பழைய நிறத்துக்குத் திரும்பியிருக்கும்.