அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமா?

"விபத்தில் சிக்கியவருக்கு உதவுகிறவர்களைக் காப்பாற்ற சட்டம் வந்துவிட்டதாமே, இனிமேல் பயமில்லாமல் நிற்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதை யாரும் சும்மா கேட்பதில்லை. எங்கேயோ ஒருவர் விழுந்து கிடந்ததைப் பார்த்து, வண்டியை மெதுவாக்கி, அப்புறம் நிற்காமல் போய்விட்டீர்கள் என்று நினைக்கிறேன். குத்திக் காட்டவில்லை. நானும் இரண்டு தடவை அப்படிப் போனவன்தான்.

அதற்குக் காரணம் அப்பா. 2009-இல் லாரி இடித்துக் கிடந்த ஒரு பையனை வழியில் வந்த ஆட்டோவில் ஏற்றி அரசு மருத்துவமனையில் சேர்த்தார். ஏ.ஆர். புத்தகத்தில், அதாவது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில், 'அழைத்து வந்தவர்' என்ற இடத்தில் இவர் பெயர் ஏறியது. அவ்வளவுதான், நான்கு வருடம் சம்மன் மேல் சம்மன். ஏழு வாய்தா. ஒரு தடவை ஜட்ஜ் லீவு, இன்னொரு தடவை எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை. பஸ் செலவும் போய், அன்றைய சம்பளமும் போகும். கடைசியில் கூண்டில் ஏற்றி, "நீங்க வந்த ஆட்டோதானே இடிச்சது, அதை மறைக்கத்தானே கொண்டுபோய்ச் சேர்த்தீங்க?" என்று கேட்டாராம் அந்த வக்கீல். அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சட்டம்: 108-க்குப் போன் போடு, நிற்காதே.

போன வருடம் ஒரு திங்கட்கிழமை காலை, ஜி.எஸ்.டி. சாலையில் எனக்கு முன்னால் போன டூவீலரை ஒரு கார் உரசிவிட்டு நிற்காமல் போனது. ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். ஹெல்மெட் வண்டிக் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. டிபன் பாக்ஸ் திறந்து, எலுமிச்சை சாதம் ரோடெல்லாம். சுற்றி ஏழெட்டுப் பேர், பாதிப் பேர் கையில் போன், ஒருவர்கூடக் கிட்டே போகவில்லை. 108-க்கு அடித்தேன். வண்டி வர இருபது நிமிடம் ஆகும் என்றார்கள். காதிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. என் காரின் பின் சீட்டில் படுக்க வைத்தேன்.

"கழுத்தை அசைத்தால் முதுகெலும்பு போய்விடும், ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்திருக்க வேண்டும்" என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: தெரியும் சார். நீங்கள் சொல்வதுதான் சரியான முறை. அந்த இடத்தில் எனக்கு வேறு வழி தோன்றவில்லை. நீங்கள் கேட்ட சட்டம் இந்த இடத்தில்தான் வருகிறது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 134ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். நல்லெண்ணத்தில் உதவப் போய், நம் கவனக்குறைவால் அடிபட்டவருக்கு ஏதாவது ஆனாலும், நம் மேல் சிவில் வழக்கும் கிடையாது, கிரிமினல் வழக்கும் கிடையாது. அதற்கு முன்பே, 2016 மார்ச் 30-இல், உதவுகிறவர்களைக் காப்பதற்கான மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளுக்கு உச்ச நீதிமன்றம் சட்ட பலம் கொடுத்திருந்தது.

பக்கத்தில் இருந்த தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெயர் வேண்டாம். கவுன்ட்டரில் இருந்த பெண் தலையை நிமிர்த்தாமல், "நீங்க அவருக்கு என்ன வேணும்? அஞ்சாயிரம் அட்வான்ஸ் கட்டுங்க" என்றார். 1989-லேயே உச்ச நீதிமன்றம் பரமானந்த் கட்டாரா வழக்கில் முதலில் சிகிச்சை, சட்ட நடைமுறை பிறகு என்று சொல்லிவிட்டது. ஆனால் கவுன்ட்டரில் நின்று 1989 என்றால் யார் கேட்பார்கள்?

எனக்குக் கைகொடுத்தது ஒரு போர்டு. உதவி செய்பவரின் உரிமைகளை ஆஸ்பத்திரி வாசலில் எழுதி வைக்க வேண்டும் என்று அந்த 134ஏ பிரிவுக்காக வந்த 2020 விதிகள் சொல்கின்றன. வைத்திருந்தார்கள். அதன் மேல் மூன்று வீல்சேர்களை மடக்கிச் சாத்தியிருந்தார்கள். நானே நகர்த்திவிட்டு, "இதைக் கொஞ்சம் படிங்கம்மா" என்றேன். அந்தப் பெண் எழுந்து வந்து, உண்மையிலேயே முதல் தடவையாக, முழுதாகப் படித்தார். பெயர், முகவரி சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது என்பதும் அதில் இருந்தது. உள்ளே போய் யாரிடமோ பேசினார். ஸ்ட்ரெச்சர் வந்தது. பணப் பேச்சு அதோடு நின்றது. மாநில அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. அந்த ஆஸ்பத்திரியும் அதில் சேர்ந்ததுதானாம்! அப்புறம் எதற்கு அட்வான்ஸ் கேட்டார்கள் என்று இன்றுவரை புரியவில்லை.

நான் பெயர் கொடுத்தேன். கார் நம்பரில் கடைசி இரண்டு இலக்கம் பார்த்திருந்தேன், மனசு கேட்கவில்லை. நீங்கள் கொடுக்காமல் வந்தாலும் தப்பில்லை. விருப்பப்பட்டுச் சாட்சி சொல்ல வந்தால், நமக்கு வசதியான இடத்தில், ஒரே தடவையில் விசாரித்து முடிக்க வேண்டும் என்பது விதி. போலீஸ் எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர்) ஒருவர் மஃப்டியில் என் ஆபீஸுக்கே வந்தார். கேன்டீனில் டீ குடித்துக்கொண்டே அரை மணி நேரத்தில் எழுதி வாங்கிக்கொண்டு போனார். எல்லா ஸ்டேஷனிலும் இப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கோர்ட்டிலிருந்து இதுவரை ஒன்றும் வரவில்லை. இதற்கென்று தனி மாநிலச் சட்டமே போட்ட கர்நாடகத்தில், கோர்ட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் போய்வரும் செலவை ஒரு நிதியிலிருந்து தர ஏற்பாடு உண்டு. அப்பாவிடம் சொன்னபோது, "ஏழு தடவை போன பஸ் டிக்கெட்டையெல்லாம் வெச்சிருந்திருக்கலாம்" என்றார்.

ஒரு விஷயம் கவனியுங்கள். 134ஏ, மோட்டார் வாகன விபத்துக்கு மட்டும்தான். தெருவில் ஒருவர் மாரடைப்பு வந்து விழுந்தால் இந்தப் பிரிவு பேசாது. அதற்காகத் தூக்காமல் போய்விடாதீர்கள்.

எந்தச் சட்டத்திலும் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்று ஆபீஸ் போய்ச் சேரும்போது மதியம் ஒரு மணி. எச்.ஆரில் அரை நாள் சம்பளம் பிடித்துவிட்டார்கள். "ஆஸ்பத்திரியிலேர்ந்து ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க, உங்க பேர் போட்டு" என்றார்கள். பேஷன்ட் நான் இல்லையே என்றால், "அப்போ எப்படி சார் சிக் லீவ் தர்றது?" என்று கேட்டார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு தடவைகூடப் போகவில்லை. எச்.ஆருக்கு மூன்று தடவை போய்விட்டேன், அரை நாள் சம்பளம் இன்னும் வரவில்லை.