அக்கி வைரஸ் மருந்தாகுமா?

கேள்வி: சார், அக்கி வந்தா எங்க ஊர்ல இன்னும் காவி எழுதத்தான் போறோம். அந்த ஹெர்பஸ் வைரஸ வச்சே உடம்புக்குள்ள ஜீன் அனுப்புறாங்கன்னு மகன் சொல்றான், நெசமா?
– வாசகி, தொண்டி

பதில்: நெசந்தாம்மா. ஆனா அக்கி வைரஸ் இல்ல, அதோட பங்காளி, உதட்டோரம் கொப்புளம் போடுமே அந்த ஹெர்பஸ் சிம்ப்ளெக்ஸ் 1. ஜீன் அனுப்ப வழக்கமா எடுக்குற ஏஏவி வைரஸ் நம்ம வள்ளம் மாதிரி, 5,000 டிஎன்ஏ எழுத்துக்குள்ளதான் சரக்கு ஏறும், ஹெர்பஸ் மண்டபம் ஊரு விசைப்படகு மாதிரி, அதோட சொந்த டிஎன்ஏவே 1,50,000 எழுத்துக்கு மேல, அதனால பெரிய ஜீனையும் தாராளமா ஏத்தலாம். பெருகுறதுக்கு வேண்டிய ஜீன மொதல்லயே வெட்டி எடுத்துடுறாங்க, செல்லுக்குள்ள போயி சரக்க எறக்கும் அவ்வளவுதான், நம்ம டிஎன்ஏக்குள்ள சொருகிக்கவும் செய்யாது.

தொட்டாலே தோல் உரியுற பரம்பரை நோய் ஒண்ணு இருக்கு, அந்தப் பிள்ளைங்களுக்கு தோல ஒட்டிப் பிடிச்சுக்குற கொலாஜன் 7 புரதத்தோட ஜீன இப்படித்தான் ஜெல்லா புண்ணு மேலயே விடுறாங்க, 2023ல அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ அனுமதி குடுத்துச்சு. அந்தப் பிள்ளைங்க படுற வலிய நெனச்சா எவ்வளவு பெரிய விஷயம் இது! தோல் செல் உதிர்ந்துகிட்டே இருக்கும்ல, அதனால வாரா வாரம் போடணும், வெலையும் ரொம்ப ஒசரம்.

அப்புறம், அக்கி வந்தா 3 நாளைக்குள்ள டாக்டர பாருங்கம்மா, அப்ப மாத்திரை ஆரம்பிச்சாத்தான் நல்லா கேக்கும்.