பிளாக்மோர் இல்லாத டீப் பர்ப்பிள் – கடிதம், பதில்

வணக்கம் சார்,

ஹார்ட் ராக் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு டீப் பர்ப்பிள் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ‘பர்பெண்டிகுலர்’ ஆல்பத்தைக் கேட்டேன். ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் எழுபதுகளிலிருந்து அவர்களைக் கேட்டுவரும் என் மாமா, “ரிச்சி பிளாக்மோர் போனதோடு அந்த பேண்டும் போச்சு” என்கிறார். கிட்டாரிஸ்ட் பிளாக்மோர் மாதிரி முக்கியமான ஆள் விலகிய பிறகும் அதே பெயரில் ஆல்பம் போடுவது சரிதானா? அவர் இடத்துக்கு வந்த ஸ்டீவ் மோர்ஸும் போன பிறகு வந்ததைக் கேட்கலாமா?

க., திருச்சி

அன்புள்ள க.,

பிளாக்மோரின் கிட்டாரில் ஊறிய காது இன்னொருவரை லேசில் ஏற்காது. மாமாவின் வருத்தம் புரிகிறது. ஆனால் அவர் சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அவர் கொண்டாடும் டீப் பர்ப்பிளே முதல் அணி கிடையாது. 1968இல் குழு தொடங்கியபோது பாடியவர் ராட் எவன்ஸ். பாடகர் இயன் கில்லனும் பேஸ் கிட்டார் வாசிக்கும் ரோஜர் குளோவரும் 1969இல் வந்து சேர்ந்தார்கள். ‘இன் ராக்’, ‘மெஷின் ஹெட்’ ஆல்பங்கள் எல்லாம் அதற்கு அப்புறம்தான். இன்னொன்று, 1990இல் வந்த ‘ஸ்லேவ்ஸ் அண்ட் மாஸ்டர்ஸ்’ ஆல்பத்தில் பிளாக்மோர் இருந்தார். கில்லனுக்குப் பதிலாக, பிளாக்மோரின் பழைய ரெயின்போ குழுவில் பாடிய ஜோ லின் டர்னர் பாடினார். கேட்டுப் பாருங்கள், அது ரெயின்போ ஆல்பம்தான். பிளாக்மோர் இருந்தும் டீப் பர்ப்பிள் அதில் இல்லை.

1993 நவம்பரில், சுற்றுப்பயணத்தின் நடுவே, ஹெல்சிங்கி கச்சேரியோடு பிளாக்மோர் விலகினார். அடுத்த மாதம் ஜப்பான் மேடைகள் காத்திருந்தன. கிட்டாரிஸ்ட் ஜோ சாட்ரியானி வந்து கைகொடுத்தார். ஆனால் அவருக்குத் தனி ஒப்பந்தம் இருந்ததால் நிரந்தரமாகத் தங்க முடியவில்லை. 1994இல் மோர்ஸ் வந்தார். டிக்ஸி டிரெக்ஸ் குழுவில் ஜாஸையும் அமெரிக்க நாட்டுப்புற இசையையும் ராக்கோடு சேர்த்து வாசித்தவர், நடுவில் கொஞ்ச காலம் பயணிகள் விமானமும் ஓட்டியவர். பிளாக்மோர் மாதிரி வாசிக்கிற ஆள் வேண்டுமென்றால் யாரும் இவரைத் தேடிப் போயிருக்க மாட்டார்கள்.

1996இல் ‘பர்பெண்டிகுலர்’ வெளியானது. முதல் பாட்டான ‘வவூம்: டெட் த மெக்கானிக்’கின் ரிஃப்பை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கை, கவனியுங்கள். கம்பியை மீட்டுகிற அதே நொடியில் விரலின் சதையும் அதில் உரசுவதால், சுரங்களுக்கு நடுவே கீச்சென்று ஒரு மேல்சுரம் துள்ளி எழும். பிளாக்மோரின் பாணியில் இது கிடையாது. கில்லன் அதன்மேல் அலறவே இல்லை. பாரில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவன் சொன்ன கதையைத் திருப்பிச் சொல்வதுபோல் பாடிக்கொண்டே போகிறார். ஐம்பது வயதுக் குரலுக்கு எது பொருந்துமோ அதைப் பாட அவருக்கு இடம் கிடைத்துவிட்டது.

‘சம்டைம்ஸ் ஐ ஃபீல் லைக் ஸ்க்ரீமிங்’ அதைவிட மேல். தலைப்பிலேயே அலறல் இருக்கிறது, ஆனால் கில்லன் அந்த வரியைத் தணிந்த குரலில் பாடுகிறார். அடக்கிவைத்ததையெல்லாம் மோர்ஸின் கிட்டார் நீளமான ஒரு மெட்டாக மேலே கொண்டுபோகிறது. கீழே ஜான் லார்டின் ஹேமண்ட் ஆர்கன். பிளாக்மோர் காலத்தில் ஆர்கனும் கிட்டாரும் மல்லுக்கட்டும், அந்த மோதலும் எனக்குப் பிடிக்கும்தான். இங்கே லார்ட் மோர்ஸுக்கு வழிவிட்டு, கேட்டு, பிறகு பதில் சொல்கிறார். புதியவர் தன் பாணியில் வாசித்தார், பழையவர்கள் நால்வரும் அவருக்காகத் தங்கள் வாசிப்பை மாற்றிக்கொண்டார்கள். இந்த ஆல்பம் நிற்பது அதனால்தான்.

குறையும் உண்டு. ஒரு மணி நேரத்தைத் தாண்டும் ஆல்பம் இது. ‘சூன் ஃபர்காட்டன்’ உட்பட இரண்டு மூன்று பாட்டுகளை எடுத்திருந்தால் இன்னும் இறுக்கமாக இருந்திருக்கும். விற்பனையிலும் பழைய உயரத்தைத் தொடவில்லை. ஆனால் மோர்ஸ் 2022 வரை இருந்தார். பிளாக்மோர் இரண்டு தவணையாக இருந்த காலத்தைக் கூட்டினாலும் அவ்வளவு வராது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு: தாராளமாகக் கேட்கலாம். மனைவியின் உடல்நிலை காரணமாக மோர்ஸ் விலகியதும் வட அயர்லாந்தின் சைமன் மெக்பிரைட் வந்தார். அவரோடு செய்த ‘ஈக்வல்ஸ் ஒன்’ 2024 ஜூலையில் வெளியானது. பர்பெண்டிகுலர் அளவுக்குப் புதிய வழி எதையும் அது திறக்கவில்லை, ஆனால் துடிப்பு இருக்கிறது. 1968 முதல் எல்லா அணியிலும் இருக்கிற ஒரே ஆள் இயன் பெய்ஸ். அவருடைய டிரம்ஸை மட்டும் கவனித்து ஒருமுறை முழுதாகக் கேளுங்கள்.